தங்கத் தட்டில் ஆறு பாட்டு

ஜூன் 3, திங்கள்

இவாவுக்கு இன்றோடு எட்டு மாதம். கீழ் ஈறில் அரிசி நொய் மாதிரி வெள்ளையாக ஒன்று தெரிகிறது. பல் என்கிறாள் அம்மா. வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று இணையத்தில் படித்ததைச் சொன்னேன். ரூபன் சிரித்தான். இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் கணவர் சிரிக்கிறார், தாயார் பெருமூச்சு விடுகிறார்.

இந்த டைரியை ரூபன்தான் கொண்டுவந்தான். ஆபீஸில் ஜனவரியில் கொடுத்தது, பாதி வருஷம் போன பிறகு என் கைக்கு வருகிறது. "மனசுல ஓடறத எழுதிடு ஜெனி, லேசா இருக்கும்" என்றான். மனசில் ஓடுவதெல்லாம் அவன் சம்பந்தப்பட்டதுதான் என்பது அவனுக்குத் தெரியாது. எல்லாரும் படுத்த பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. அதனால் கையெழுத்து இப்படி.

காலையில் ஹாலில் தொட்டில் கட்டினோம். கொக்கி இருக்கிற இடம் ஒன்றுதான். அதற்கு நேரே சுவரில் அம்மாவின் தங்க இசைத்தட்டு. 1982இல் ஒரு படத்தில் அம்மா ஒரு பாட்டுப் பாடினாள். அதற்கு முன்னும் பின்னும் கோரஸ்தான். அந்த ஒரு பாட்டால் அந்தப் படத்தின் இசைத்தட்டு தமிழ்நாடு முழுக்க விற்றதாம். கம்பெனிக்காரர்கள் இசையமைப்பாளருக்கு ஒன்று, கூடப் பாடிய பெரிய பாடகருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று தங்க முலாம் பூசின தட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தார்கள். அடியில் பித்தளைத் தகட்டில் 'எமல்டா பர்னாந்து' என்று பெயர். நான் பிறந்ததிலிருந்து அது அந்தச் சுவரில்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஆணியில். அந்த ஆணிக்கு என்னைவிட வயசு அதிகம்.

கழற்றச் சொன்னேன்.

"நீயும் அதுக்குக் கீழதாம்ட்டி தூங்குன" என்றாள் அம்மா.

"எனக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கு."

ரூபன் ஸ்டூலில் ஏறிக் கழற்றினான். சுவரில் அந்தச் சதுரம் மட்டும் பழைய பச்சையாக நிற்கிறது. மதியம் அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே வழக்கமான கடல் பாட்டைப் பாடினாள். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துத் தாலாட்டு. 'கடல் தூங்கலியே கண்ணு' என்று ஆரம்பிக்கும். இவா அதற்கு மட்டும்தான் தூங்குவாள். என்னையும் அதைப் பாடித்தான் தூங்க வைத்திருக்கிறாள். சாலிகிராமத்தில் மூன்றாவது மாடியில் கடல் எங்கே இருக்கிறது. ஆனாலும் தூங்கிவிடுவோம்.

ஜூன் 8, சனி

ரூபன் ஆபீஸில் யாரோ சொல்லி, பரசுராமன் என்று ஒருவர் வந்தார். மேற்கு மாம்பலம். இன்ஷூரன்ஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிக விற்பனைக்காகக் கம்பெனிகள் கொடுக்கிற இந்தத் தங்கத் தட்டு, வெள்ளித் தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். கண்ணாடிக்குப் பதில் உடையாத பிளாஸ்டிக் போட முடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டோம். விற்க இல்லை. இதை எழுதி வைக்கிறேன்.

வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். சட்டத்தை மேஜையில் படுக்க வைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு இவாவின் ஸ்கேன் ரிப்போர்ட் பார்த்த நாள் ஞாபகம் வந்தது.

"இங்க வந்து பாருங்கம்மா. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல பளபளன்னு ஒரு கோடு வரும். எண்ணுங்க."

எண்ணினேன். ஐந்து கோடு.

"அஞ்சு கோடுன்னா ஆறு பாட்டு. லேபிள்ல போட்டிருக்கிற படத்துல ஒரு பக்கத்துக்கு மூணு பாட்டுதான். என்கிட்டயே அந்தத் தட்டு இருக்கு. இது அந்தப் படமே கிடையாது. கம்பெனி குடுத்திருந்தா கம்பெனி போட்ட தட்டுதானே இருக்கணும்? அந்தக் காலத்துல கடையில செஞ்சு தருவாங்க. ஆசைப்பட்டு நிறையப் பேர் செஞ்சு மாட்டிக்கிட்டாங்க. நான் தப்பு சொல்லலை."

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நெத்திலி ஆய்ந்த கை. ரூபன் தரையைப் பார்த்தான்.

"அம்மா, நிஜமாவே கம்பெனியில குடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

சாதாரணக் கேள்வி. தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "சட்டம் நல்ல சட்டம் சார், வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவர் சட்டத்துக்காக என்று ஏதோ பணம் கொடுத்துத் தட்டோடு எடுத்துக்கொண்டார். பணத்தை ஃபிரிட்ஜ் மேல் வைக்கச் சொன்னாள் அம்மா. மீன் கையால் வாங்க முடியாதாம். கை கழுவிய பிறகும் அதை எடுக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மாதா கோயிலில் அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. தொண்டை கட்டியிருக்கிறதாம். நேற்று ஐஸ் தண்ணீர் குடித்திருப்பாள். சொன்னால் கேட்க மாட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

இவா தூங்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இவா நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. பல் என்கிறார்கள். ஈறில் தடவுகிற மருந்து வாங்கி, அதன் பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுத் தடவாமல் வைத்திருக்கிறேன். நான் கடல் பாட்டைப் பாடிப் பார்த்தேன். நண்டு வரும் வரியில் ராகம் எங்கேயோ போய்விட்டது. குழந்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாக அழுதாள். போனில் தாலாட்டு போட்டேன். அதில் நடுவில் சோப்பு விளம்பரம் வந்து மிச்சத் தூக்கமும் போச்சு.

"அம்மா, நீ ரெண்டு வரி பாடேன்."

"தொண்டை சரியில்லைட்டி."

ஆறு நாளாகத் தொண்டை சரியில்லை என்றால் என்ன அர்த்தம்? இருமல் இல்லை, சளி இல்லை, பேசும்போது ஒரு கம்மல் இல்லை. பாடத்தான் முடியவில்லையாம். டாக்டரிடம் வர மாட்டாளாம். நானே மருந்துக்கடையில் சொல்லி இருமல் மருந்து ஒரு பாட்டில் வாங்கிவந்து அவள் தலைமாட்டில் வைத்தேன். பனங்கற்கண்டும் மிளகும் பொடித்து வைத்தேன். "வை" என்றாள். இதற்கு மேல் ஒரு மகள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 19, புதன்

ரூபன் சொல்கிறான், யாராவது டாக்டரைப் போய்ப் பார்க்கலாமாம். இவாவுக்கு அல்ல. எனக்கு. நான் சுவரை முறைத்துக்கொண்டு நிற்கிறேனாம். அந்தப் பச்சைச் சதுரத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வரச் சொல் என்று மூன்று முறை சொல்லியாயிற்று, அதைச் செய்ய நேரமில்லை, எனக்கு டாக்டர் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

எழுதிவிட்டுத்தான் வேறு வேலை.

மதியம் இவாவுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கட்டுமே என்று போனில் ஏதாவது ஓடும். தானாக ஒரு வீடியோ வந்தது. 'தங்க இசைத்தட்டுகளின் ரகசியம்.' பார்த்தால் அந்தப் பரசுராமன். தொப்பி, கையுறை, பின்னால் சுவர் முழுக்கத் தங்கம். கையில் எங்கள் படத்தின் லேபிள் ஒட்டிய தட்டு. புதுத் தேக்குச் சட்டம்.

அந்த ஆள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

"இதுல எண்ணிப் பாருங்க, ஆறு பாட்டு. ஆனா படத்துல இந்தப் பக்கம் மூணுதான். புதுசா வர்றவங்க இதைப் பார்த்துப் போலின்னு நினைச்சு ஏமாந்துடுவாங்க. விஷயம் என்னன்னா, நல்லா விக்கிற தட்டை எந்தக் கம்பெனியாவது வீணாக்குமா? விக்காம கிடங்குல குவிஞ்சு கிடக்கிற தட்டுல ஏதாவது ஒண்ணை எடுத்து முலாம் பூசுவாங்க. மேல புது லேபிளை ஒட்டுவாங்க. உள்ள யார் பாட்டு இருக்குன்னு யாருக்கும் கவலை இல்லை. அதனால பாட்டுக் கணக்கு ஒத்துப்போகலைன்னாதான் இது அசல். ஒத்துப்போனா சந்தேகப்படுங்க."

இவா கூழைத் துப்பினாள். நான் துடைக்கவில்லை.

அடியில் பித்தளைத் தகட்டைக் காமிராவில் காட்டினார். அம்மா பெயர் இல்லை. அந்தப் பெரிய பாடகர் பெயர்.

நான் எம்.எஸ்.சி. வேதியியல். முலாம் பூசுவதை ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தேன். பிளாஸ்டிக்கில் நேரடியாகத் தங்கம் ஏறாது, முதலில் வேறு உலோகப் பூச்சு வேண்டும், இவ்வளவும் தெரியும். எந்தத் தட்டை முக்கினாலும் ஒரே மாதிரிதான் மின்னும் என்று யோசிக்க எம்.எஸ்.சி. வேண்டாம். ஆனால் எட்டு மாதமாகத் தூக்கம் இல்லாதவள் நான். அந்த ஆளுக்கு என்ன கேடு? எங்கள் வீட்டு மேஜையில், எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு, அம்மா நிற்கும்போதே சொன்னாரே. ஆசைப்பட்டு செஞ்சு மாட்டிக்கிட்டாங்க என்று. என் அம்மாவைப் பார்த்து.

ஜூன் 29, சனி

ரூபன் வேண்டாம் என்றான். போனில் பேசலாம் என்றான். போனில் பேசினால் அந்த ஆள் முகம் எப்படித் தெரியும்? இவாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மாம்பலம் போனேன். ரூபன் பின்னாலேயே வந்தான், டயபர் பையோடு.

கதவைத் திறந்ததும், "வாங்கம்மா, பாப்பா வளர்ந்துட்டாளே" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. மோர் கொடுக்கச் சொன்னார். நான் குடிக்கவில்லை. ரூபன் குடித்தான். அதற்கு வீட்டுக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"உங்களுதா? அது அன்னைக்கே கழிச்சாச்சும்மா. பழைய சட்டம், பூச்சி வேற. இது வேற தட்டு. பாடகர் சொந்தக்காரங்க ஒருத்தர்கிட்ட வாங்கினது. பேரே இருக்கே, படிச்சுப் பாருங்க."

"அதுலயும் ஆறு பாட்டு. எங்களுதுலயும் ஆறு பாட்டு."

"ஒரே சமயத்துல முக்கினா ஒரே கட்டுலேர்ந்துதான் எடுத்திருப்பாங்க."

"அன்னைக்குப் போலின்னு சொன்னீங்க. இப்ப ஒரே கட்டுன்னு சொல்றீங்க."

என் மோர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். "குழந்தை பெத்த உடம்பு, டென்ஷன் ஆகாதீங்க" என்றார். ரூபனைப் பார்த்து, "தம்பி, கூட்டிட்டுப் போங்க" என்றார். என்னைக் கூட்டிக்கொண்டு போகிற சாமானாக நினைத்தார்.

படியில் ரூபன் கேட்டான், "நிரூபிக்க நம்மகிட்ட என்ன இருக்கு ஜெனி?"

அவன் அப்படிக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அவரவர் சொல்வதை நம்ப வேண்டாமா?

ஜூன் 30, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீடியோவையும் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "தொப்பி போட்டா ஆளு கொஞ்சம் எடுப்பாத்தான் இருக்காரு" என்றாள்.

"உனக்குக் கோபமே வராதாம்மா?"

"ஆறு பாட்டுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. எண்பத்திரெண்டுலயே."

"பிறகு ஏன் அந்த ஆள்கிட்ட சொல்லலை?"

"கேட்டது அவரா? நீயில்லா கேட்ட."

நான் வெங்காயத்தை வாங்கி உரித்தேன். கண் எரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். தட்டு கொடுத்த மறுநாள், தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டலில் எல்லாப் பெண்களையும் வார்டன் அறையில் கூட்டி உட்கார வைத்திருக்கிறாள். சட்டத்தின் பின்பக்க ஆணியைப் பிடுங்கித் தட்டை எடுத்து, வார்டனின் ரிக்கார்டு பிளேயரில் போட்டிருக்கிறாள். தன் குரல் தங்கத்திலிருந்து வரும் என்று.

"தங்கம் பூசினது கேக்குமா?"

"கரகரன்னு கேக்கும். வேற ஒருத்தி குரல் வந்துச்சு. சின்னப் பிள்ளைகளுக்கு உள்ள பாட்டு. எல்லாவளும் சிரிச்சாளுவ. ஒருத்தி சிரிச்சுச் சிரிச்சுக் கீழ விழுந்தா."

"நீ என்ன பண்ணின?"

"அவளுவ போன பிறகு கடைசி வரைக்கும் கேட்டேன்."

என்ன பாட்டு என்று கேட்டேன். சொல்லவில்லை. உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே, "அந்த ஆளை ஊசி வைக்கச் சொல்லு. என்ன வரும்னு அதுக்கு முந்தி நான் சொல்லுதேன். வேற யாராலயும் சொல்ல முடியாதுல்லா" என்றாள்.

ஜூலை 5, வெள்ளி

ரூபன் ஒரு நல்ல காரியம் செய்தான். எழுதத்தான் வேண்டும். பரசுராமனும் அவரைப் போன்றவர்களும் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுகிறார்களாம். இசைத்தட்டு நண்பர்கள் வட்டம். பதினாலாம் தேதி அங்கே அந்தத் தட்டைக் காட்டி, ஒரு பல் டாக்டருக்கு விற்கப் போகிறாராம். யார் வேண்டுமானாலும் வரலாம்.

இவாவுக்கு நூறு டிகிரி. பல் வெளியே வந்துவிட்டது. பல்தான்.

ஜூலை 14, ஞாயிறு

ஹாலில் எல்லாம் ஆண்கள். ஆளுக்கொரு துணிப்பை, பைக்குள் இசைத்தட்டு. பெண்கள் என்று அம்மா, நான், இவா. நாங்கள் நுழைந்ததும் ஒருவர் எழுந்து வந்து, "மேடம், யோகா வகுப்பு மாடியில" என்றார்.

முன்னால் மேஜையில் ஒரு பிளேயர் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தேக்குச் சட்டத்தில் அது. பரசுராமன் எங்களைப் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி பேச்சை ஆரம்பித்தார். விற்காத தட்டில்தான் முலாம் பூசுவார்கள், கணக்கு ஒத்துப்போகாததுதான் அசல், எல்லாம் அதே. கடைசியில், "இதை நம்ம டாக்டர் சற்குணம் வாங்கிக்கிறார்" என்றார். கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். என்ன சொன்னேன் என்று முழுக்க ஞாபகமில்லை. கத்தியிருக்கிறேன் என்று ரூபன் சொல்கிறான். இவாவும் கத்தினாள். ஜூன் எட்டாம் தேதி என்ன சொன்னார், வீடியோவில் என்ன சொன்னார், இரண்டையும் சொன்னேன். இது என் அம்மாவுடையது, தகட்டை மாற்றியிருக்கிறார் என்றேன்.

"பாவம், பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு..." என்று ஆரம்பித்தார்.

அம்மா எழுந்து என் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள். முன்னால் போனாள். மைக் கொடுத்தார்கள், வாங்கவில்லை.

"சார், இதைப் போட்டுக் கேட்டிருக்கீங்களா?"

பரசுராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாலிலும் நாலைந்து பேர் சிரித்தார்கள். "அம்மா, தங்கத் தட்டுல யாரும் ஊசி வைக்க மாட்டாங்க. பூச்சு கீறிடும், மதிப்பே போயிடும். இந்தப் பழக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

"யாருக்குமே தெரியாது."

"எனக்குத் தெரியும்."

இவா இன்னும் அழுதுகொண்டிருந்தாள். பல் டாக்டர் எழுந்தார். குட்டையான மனிதர், சட்டைப் பையில் நாலு பேனா. "பரசு, வைச்சுப் பார்த்திடலாமே" என்றார்.

"டாக்டர், நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

"நான் வாங்கப் போற தட்டு. கீறினா என்னுது கீறட்டும். யாரோடதுன்னு தெரியாம வாங்கி மாட்டினா வீட்டுக்கு வர்றவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பரசுராமன் சட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். முப்பது பேர் அந்தக் கையைப் பார்த்தார்கள். கை விலகியது.

டாக்டரே திருகாணிகளைக் கழற்றினார். தட்டு பிளேயரில் உட்கார்ந்ததும், "எதைப் போடட்டும்மா?" என்றார்.

"மொதல்ல ஒரு பூனைப் பாட்டு. அது சரியாக் கேக்காது, எண்பத்திரெண்டுல என் கையில ஊசி வழுக்கிக் கீறிட்டு. நாலாவதைப் போடுங்க. போடுறதுக்கு முந்தி நான் பாடிருதேன்."

அம்மா இவாவை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சேலையைச் சரி செய்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

கடல் தூங்கலியே கண்ணு, கரை தூங்கலியே,
வலை காயும் மணலுக்குள்ளே நண்டு தூங்கலியே,
விடிவெள்ளி எட்டி வந்து வாசல் தட்டுது,
விளக்கணைக்க மனசில்லாம நீயும் தூங்கலியே.

ஐந்து வாரத்துக்குப் பிறகு கேட்கிறேன். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. இவா அழுகையை நிறுத்திவிட்டாள். தூத்துக்குடிப் பாட்டு இங்கே எதற்கு என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அம்மா முடித்து வாயை மூடினாள். டாக்டர் ஊசியை இறக்கினார்.

முதலில் மழை மாதிரி ஒரே இரைச்சல். அதற்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல். சின்ன வயசுக் குரல், கொஞ்சம் மூக்கால் பாடுகிற குரல். கடல் தூங்கலியே கண்ணு. அதே ராகம். நண்டு வருகிற இடத்தில் அதே வளைவு, நான் எப்போதும் தவறவிடுகிற வளைவு.

இவா பிளேயரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கையை நீட்டி அம்மாவின் மூடிய உதட்டைத் தடவிப் பார்த்தாள். பாட்டு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான் முப்பது வருஷமாகப் புரியவில்லை.

பாட்டு முடிந்தது. டாக்டர் ஊசியைத் தூக்கிவிட்டு, "பரசு, அவங்க சொன்ன கீறலும் இருக்கு. நான் வாங்கலை. இது இவங்களுது" என்றார்.

பரசுராமன் மன்னிப்புக் கேட்டார் என்று எழுத ஆசைதான். "எங்கேயோ மாறிப்போயிருக்கு" என்றார். மாறிப்போனதாம். தானாக ஒரு தகடு கழன்று இன்னொரு தகடு ஏறிக்கொண்டதாம். பழைய தகடு எங்கே என்றால் தெரியாதாம். அவர் கொடுத்த பணத்தை ஃபிரிட்ஜ் மேலிருந்து அப்படியே எடுத்து வந்திருந்தேன், மேஜையில் வைத்தேன். எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார், "சட்டம் நான் போட்டது. தேக்கு." தங்கத் தட்டை அன்றைய செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். தோசை பார்சல் மாதிரி.

ஆட்டோவில் அம்மாவிடம் கேட்டேன், அந்தப் பெண் யார் என்று.

"தெரியாது. அவ பேரு மேல என் லேபிளை ஒட்டிட்டாங்கள்ளா. யாரும் வாங்கலன்னுதான எடுத்து முக்கினாங்க. நல்ல பாட்டு. ஒருத்தியாவது பாடணும்லா."

நாற்பத்திரண்டு வருஷமாகப் பாடியிருக்கிறாள். முதலில் தனக்கு, பிறகு எனக்கு, பிறகு இவாவுக்கு. எனக்கு இப்போது அந்தக் கம்பெனி மேலும் கோபம். ஒருத்திக்கு மரியாதை செய்ய இன்னொருத்தியின் குரலை எடுத்து முக்கலாம் என்று எந்த மகானுபாவனுக்குத் தோன்றியது? இரண்டு பேரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்தானே.

ஜூலை 20, சனி

வடபழனியில் கோப்பை, கேடயம் விற்கிற கடை. தகடு வெட்டப் போனோம். 'எமல்டா பர்னாந்து, 1982' என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா, அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விடச் சொன்னாள்.

"அதுல என்ன எழுதணும்?" என்றான் கடைக்காரன்.

"இப்ப ஒண்ணும் இல்ல. பேரு தெரிஞ்சா கொண்டுவாரோம்."

அவன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மாவையும் ஒரு முறை மேலும் கீழும் பார்த்தான். "இது நிஜமாவே கம்பெனியில குடுத்ததா மேடம்?" என்று கேட்டான்.

நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். உனக்கென்ன தெரியும், பார்த்தால் பொய் சொல்கிறவர்களாகத் தெரிகிறதா, ஒரு மனுஷி வாயால் சொன்னால் நம்ப மாட்டாயா, யாரைப் பார்த்து என்ன கேட்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா. பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பையன் மிரண்டு போய், "சாரிக்கா, சும்மாதான் கேட்டேன்" என்றான்.

"சும்மா கேக்கற கேள்வியா அது?"

அம்மா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். பூக்கடை ஓரம் நின்றோம்.

"அவன் கேட்டதுல என்னட்டி தப்பு? யாரும் கேக்கறதுதான."

அம்மா என் கையை விடவில்லை. ஒரு முழம் மல்லிகை வாங்கி, பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தாள்.

ஜூலை 23, செவ்வாய்

தட்டைத் தொட்டிலுக்கு நேரே பழைய இடத்திலேயே மாட்டினோம். உடையாத பிளாஸ்டிக், நாலு ஆணி. நான் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். ரூபன் சிரித்தான், சிரிக்கட்டும்.

மதியம் அம்மா பாடினாள். இவா நண்டு வருவதற்கு முன்பே தூங்கிவிட்டாள். நான் ஹாலிலேயே தரையில் படுத்து, கடைசி வரி வரைக்கும் கேட்டேன்.

அம்மாவின் அறையைப் பெருக்கும்போது அந்த இருமல் மருந்து பாட்டில் தலைமாட்டிலேயே இருந்தது. மூடியின் சீல் உடைக்கப்படவே இல்லை. குப்பையில் போட எடுத்துப் போனேன். போடவில்லை. என் அலமாரியில், இந்த டைரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.